அம்மாவுக்கு அண்ணாதான் பிள்ளை

அன்புள்ள டொக்டர்,

அம்மாவுக்கு நான் பிள்ளையே இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கொட்டகை போட்ட நாளிலிருந்து, அண்ணாவின் படத்தோடு அங்கேதான். என் கலியாணத்துக்கே முதல்நாள் இரவுதான் வந்தா. பிள்ளைப்பேற்றுக்கு மாமிதான் பத்தியக்கறி வைத்துத் தந்தா.

2009இல், புலிகளுக்கும் ஆமிக்குமான சண்டை முடிந்த நேரம், எனக்கு 14 வயது. ஓமந்தை ஆமிச் சோதனைச்சாவடியில், "ஒருநாள் இயக்கத்தில இருந்தாலும் பதியுங்கோ, விசாரிச்சு விட்டிடுவம்" என்றதை நம்பி அண்ணாவைக் கையில் பிடித்துக் கொடுத்தது அம்மாதான். நான் அதைச் சொல்லிக் காட்டினதில்லை (ஒருதரம் சொன்னனான்). அண்ணா இல்லை, நான் இருக்கிறேன். அது அவவுக்குப் பெரிசில்லை. இவர், "மனுசியை விடு" என்கிறார். போன திருவிழாவில் வாணவெடிக்கு மகள் வீரிட்டு அழ, நான் அவள் வாயைப் பொத்தியபடி இருந்தேனாம், இவர்தான் கையை இழுத்தெடுத்தார். அந்தச் சண்டைக்குள்ளால தப்பி இரவில் நந்திக்கடல் களப்பைக் கடக்கேக்கை தங்கச்சியை அப்பிடித்தான் பிடிச்சிருந்தனான், அதை விடுங்கோ. பேத்தியின் ஐந்தாவது பிறந்தநாளுக்கும் அம்மா வரவில்லை. அவவுக்கு எப்படிப் புரியவைப்பது?

*

அன்புள்ள தங்கச்சி,

அதை விடமுடியாது. "இருந்தேனாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கை செய்தது, கணவர் சொல்லித்தான் உங்களுக்கே தெரிந்திருக்கிறது.

அன்றிரவு நீங்கள் செய்தது பிழையில்லை. வெளியேற முயன்ற மக்களைப் புலிகள் சுட்டதையும், பாதுகாப்பு வலயம் என்று தானே அறிவித்த இடத்துக்குள் அரசு செல் அடித்ததையும் ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதிவைத்தது. இறந்த பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்றது. அதற்கு நடுவில் ஒரு குழந்தையைச் சத்தமில்லாமல் அக்கரை சேர்த்த கை அது. சண்டை முடிந்ததை அது இன்னும் நம்பவில்லை.

ஆனால் மகளுக்கு அது மூச்சு முட்டவைக்கும் அம்மாவின் கை. இன்னொருமுறை நடக்கக்கூடாது. வெடிச்சத்தம் வரும் நாளில் பிள்ளை அப்பாவின் மடியில் இருக்கட்டும். இந்தக் கிழமையே மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள்.

அம்மா விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. அந்த "ஒருதரம்" போதும், தங்கச்சி. தன் கையால் கொடுத்த பிள்ளையைத் தேடுகிறவவிடம் அதைச் சொல்லிவிட்டு, பிறந்தநாள் கேக்குக்கு வரவில்லை என்று கோபிக்கிறீர்கள். கொட்டகையில் அவவைப் போலவே கையில் பிடித்துக் கொடுத்த தாய்மார் இருக்கிறார்கள். ஏன் கொடுத்தாய் என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை.

நீங்களும் ஒருநாள் போய்ப் பக்கத்தில் இருங்கள், புரியவைக்க அல்ல. நந்திக்கடலைப் பற்றிக் கேளுங்கள். அன்றிரவு உங்கள் தங்கச்சியின் வாயைப் பொத்தச் சொன்னது யார் என்றும் கேளுங்கள்.