சின்ன எலக்ட்ரானிக்ஸ் ப்ராஜெக்ட்களில் எம்3 (3 மி.மீ. போல்ட்டுக்கான) நட்டுகள் கழன்றுகொண்டே இருக்கின்றன. எப்படித் தடுப்பது?

கேள்வியில் இருப்பது 3 மி.மீ. அக்ரிலிக் தட்டில் இரண்டு மஞ்சள் கியர் மோட்டார்களும் ஓர் ஆர்டுயினோ போர்டும் பூட்டிய ரோபோ. கொஞ்ச நேரம் ஓட்டினால் நட்டுகள் லூஸாகின்றன, ஸ்ப்ரிங் வாஷர் போட்டும் நிற்கவில்லை, த்ரெட்லாக்கர் (மரையில் தடவும் பசை) ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அக்ரிலிக்கில் தப்பித்தவறியும் ஊற்றிவிடாதீர்கள். அந்தத் திரவம் பட்டால், ஏற்கெனவே இறுக்கத்தில் இருக்கும் அக்ரிலிக்கில் துளையைச் சுற்றி முடி போன்ற விரிசல்கள் விழும். சில நாளில் தட்டே உடையும். பாலிகார்பனேட், ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக்குகளுக்கும் இதே கதிதான்.

மருந்துக்கு முன்னால் நோயைப் பாருங்கள். எல்லா நட்டையும் இறுக்கிவிட்டு, பெர்மனென்ட் மார்க்கரால் நட்டின் மேலிருந்து தட்டு வரை ஒரே கோடு இழுங்கள். வாஷர் இருந்தால் அதன் மேலேயும் கோடு போகட்டும். ஓட்டிய பிறகு பாருங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் அதிர்வில் நட்டு திரும்பியிருக்கிறது. கோடு அப்படியே இருக்கிறது, ஆனால் கையால் ஆட்டினால் ஆடுகிறது என்றால் நட்டு திரும்பவே இல்லை, அடியில் இருக்கும் பிளாஸ்டிக் அமுங்கிவிட்டது. இரண்டும் வேறு வேறு கோளாறுகள். ஒன்றுக்கான வழி மற்றதற்கு உதவாது. பிளாஸ்டிக் இருக்கும் ப்ராஜெக்ட்களில் இரண்டாவதுதான் அதிகம். பலரும் முதலாவது என்று நினைத்துக்கொண்டு இறுக்கிக்கொண்டே போவார்கள். பிளாஸ்டிக் இன்னும் அமுங்கும்.

அமுங்குவதற்குக் காரணம் எளிது. போல்ட்டைப் பிடித்து வைத்திருப்பது அது கொஞ்சம் நீண்டு, ரப்பர் பேண்டு போலத் திரும்பச் சுருங்கப் பார்க்கும் இழுவிசை. எம்3 மரையின் இடைவெளி 0.5 மி.மீ. கால் சுற்று என்றால் 0.125 மி.மீ. தான். பிளாஸ்டிக் அந்த அளவுக்கு மெதுவாக வழிந்து கொடுத்துவிட்டால் இழுவிசை போய்விடும். வெயிலில் வைத்தால் அக்ரிலிக் எஃகைவிடச் சுமார் 6 மடங்கு விரியும். போல்ட் விடாது, அதனால் பிளாஸ்டிக் இன்னும் அமுங்கும், குளிர்ந்ததும் லூஸாகும். பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்டரால் அச்சிட்ட பாகங்கள் இன்னும் மோசம். 60 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும்.

இதற்கு முதல் வழி, அழுத்தத்தைப் பரப்புவது. போல்ட் தலைக்கு அடியிலும் நட்டுக்கு அடியிலும் அகலமான தட்டை வாஷர். ஸ்ப்ரிங் வாஷரை நேரடியாக பிளாஸ்டிக் மேல் வைத்தால் அதன் வெட்டு முனை தோண்டிக்கொண்டே போகும். அடுத்தது, நசுங்கும் பிளாஸ்டிக்கை இழுவிசையின் பாதையிலிருந்தே எடுத்துவிடுவது. அச்சிட்ட பாகமாக இருந்தால் சாலிடரிங் அயர்னால் சூடாக்கிப் பதிக்கும் பித்தளை மரைக்குழாய் வையுங்கள். எம்3-க்குப் பொதுவாக 4 மி.மீ. துளை, அயர்ன் 220 முதல் 250 டிகிரி. கடைசி அரை மில்லிமீட்டரை அயர்னை எடுத்துவிட்டு ஒரு தட்டையான உலோகத்தால் அழுத்துங்கள், நேராக நிற்கும்.

இனி, நட்டு உண்மையிலேயே திரும்புகிறது என்றால்: 1969-இல் ஜெர்மன் பொறியாளர் ஜுங்கர் காட்டியது இன்றும் அடிப்படை. போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, பூட்டிய பாகங்கள் ஒன்றின்மேல் ஒன்று பக்கவாட்டில் நழுவுவதுதான் நட்டைக் கழற்றுகிறது. அந்த வகைச் சோதனையில் ஸ்ப்ரிங் வாஷர் கிட்டத்தட்ட ஒன்றும் செய்வதில்லை. உங்கள் மோட்டார் பக்கவாட்டில்தான் உதைக்கிறது. ஆகவே அங்கே நைலாக் நட்டு, அதாவது உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு போடுங்கள். அது இழுவிசை குறைந்தாலும் மரையைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

நைலாக் போடும்போது நீளத்தில்தான் தவறு நடக்கும். போல்ட் நைலான் வளையத்தைத் தாண்டி ஒன்றிரண்டு மரையாவது வெளியே வர வேண்டும், இல்லாவிட்டால் அது சாதாரண நட்டுதான். சாதா எம்3 நட்டின் உயரம் 2.4 மி.மீ., நைலாக் 4 மி.மீ. அக்ரிலிக் 3, ஸ்பேசர் (இடையில் வைக்கும் குழாய்) 5, போர்டு 1.6, இரண்டு வாஷர் 1, நட்டு 4, வெளியே 1: மொத்தம் 15.6. ஆக 16 மி.மீ. போல்ட். 12 வாங்கினால் எட்டவே எட்டாது. நைலாக்கில் விரலால் இறுக்கம் தெரியாது என்பதால் வாஷரைக் கவனியுங்கள்: நட்டோடு சேர்ந்து சுற்றுவதை வாஷர் நிறுத்தியதும், அதற்கு மேல் எட்டில் ஒன்று முதல் கால் சுற்று போதும். திருப்புளியால் தலையைப் பிடித்துக்கொண்டு 5.5 மி.மீ. ஸ்பானரால் நட்டைத் திருப்புங்கள். கழற்றி மாட்டும்போது கையாலேயே சுலபமாக ஏறினால் அந்த நட்டைத் தூக்கிப்போட்டுவிடுங்கள்.

த்ரெட்லாக்கருக்கு இடம் உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில். பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தூக்கி நிறுத்தும் மரைத்தூண்), அலுமினிய மோட்டார் மவுண்ட், சக்கரத்தைப் பிடிக்கும் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத ஸ்க்ரூ). இந்த அளவுக்கு லாக்டைட் 222 என்ற த்ரெட்லாக்கர், ஊதா நிறம். சிவப்பு வகையைத் தொடாதீர்கள், கழற்ற நன்றாகச் சூடு காட்ட வேண்டிவரும், எம்3 தலை அதற்குள் வழுக்கிவிடும். மரையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பல்குச்சி நுனியால் இரண்டு மூன்று மரைக்குத் தடவினால் போதும். காற்றில்லாமல், உலோகம் பட்டு இறுகும் பசை இது. பித்தளையில் சீக்கிரம் பிடிக்கும், ஸ்டெயின்லெஸ்ஸில் தாமதமாகும். முழு பலத்துக்கு 24 மணி நேரம் கொடுங்கள்.

இரட்டை நட்டு போடுபவர்கள் பெரும்பாலும் தடித்த நட்டை முதலில் போடுகிறார்கள். மெல்லியதுதான் அடியில். அதை லேசாக இறுக்கி, மேலே தடித்ததை இறுக்கும்போது அடி நட்டு திரும்பாமல் ஸ்பானரால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பேனலில் உள்ள பொட்டென்ஷியோமீட்டர் (வால்யூம் குமிழ் போலத் திருகுவது) முழுதாகச் சுழல்வதற்கு நட்டு காரணமல்ல. அதன் உடம்பில் ஒரு சின்னக் காது இருக்கும். பலர் அதை ஒடித்துவிடுகிறார்கள். அதற்கு பேனலில் ஒரு சிறு துளை போட்டால் முடிந்தது. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி போர்டின் துளைகள் எம்2.5-க்கானவை, எம்3-ஐத் திணிக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, தீப்பிடிக்கும் விஷயம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். பேட்டரி, மோட்டார் ஒயர்கள் போகும் ஸ்க்ரூ டெர்மினலில், ஒயர் நுனிக்கு சாலிடர் பூசி இறுக்காதீர்கள். சாலிடர் மெத்தென்ற உலோகம், அழுத்தத்தில் வழிந்து கொடுக்கும். ஸ்க்ரூ லூஸாகும், இணைப்பு சூடாகும், சூட்டில் இன்னும் வழியும். ஃபெரூல் (ஒயர் நுனியில் மாட்டும் சிறு உலோகக் குழாய்) அழுத்திப் போடுங்கள். இல்லையென்றால் பூசாத வெறும் இழைகளை முறுக்கி வைத்து இறுக்கி, மறுநாள் ஒருமுறை இறுக்கம் பாருங்கள்.