ஐந்து ரூபாய் பாக்கெட் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

தேவகோட்டைப் பக்கம் அப்பா மளிகைக்கடை வைத்திருக்கிறார். நான் எம்.பி.ஏ. மார்க்கெட்டிங் முதல் வருடம். லீவில் ஊருக்கு வந்தால் கல்லாவில் நான்தான். போன வாரம் வழக்கமாக வரும் ஒரு அம்மா, அஞ்சு ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, நீங்களே ரெண்டு பிஸ்கட்டை எடுத்துட்டுத்தான் விக்கிறீங்களா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. கம்பெனிக்காரன் செய்கிற திருட்டுக்கு நான் பேச்சு வாங்குகிறேன் என்கிறார். எங்கள் பேராசிரியரோ இதற்குப் பெயர் பிரைஸ் பாயின்ட், விலையைத் தொடாமல் அளவை மாற்றுவது நல்ல உத்தி என்று பாடம் எடுத்தார். யார் சொல்வது சரி? இன்னொன்று. இப்போது பாதிப் பேர் போனில் ஸ்கேன் செய்துதான் காசு கொடுக்கிறார்கள். சில்லறைப் பிரச்சினை இல்லாதபோது ஏன் இன்னும் ஒரு ரூபாய், ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்றே பாக்கெட் வருகிறது? ஆறு, ஏழு என்று விலை வைக்கலாமே? இதையே ப்ராஜெக்டாகச் செய்யலாமா என்றும் ஒரு யோசனை.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

முதலில் உங்கள் அப்பா விஷயம். கடைக்காரருக்கு லாபம் எம்.ஆர்.பி.யில் இத்தனை சதவீதம் என்றுதான் வருகிறது. பாக்கெட்டில் பிஸ்கட் கூடினாலும் குறைந்தாலும் எம்.ஆர்.பி. அதே ஐந்து ரூபாய், அவருக்கு நிற்கிற காசும் அதே காசு. குறைத்த பிஸ்கட்டில் அவருக்குப் பத்து காசு பங்கு வந்தாலாவது திட்டு வாங்குவதில் ஒரு நியாயம் இருக்கும். அதுவும் கிடையாது. நான் சில காலம் ஒரு ஏஜென்சிக்கு ஆர்டர் எடுத்துக்கொண்டு கடை கடையாக லைன் போனவன். எடை குறைந்த புது ஸ்டாக் வருவதை எங்களுக்கே யாரும் சொல்லமாட்டார்கள். பெட்டிக்கு இத்தனை பாக்கெட் என்ற எண்ணிக்கை அதே, பில்லில் ரேட் அதே. பெட்டியை இறக்குகிற பையன்தான் தோளில் வைத்தவுடன், "அண்ணே, இந்த லாட் லேசா இருக்கு" என்பான். அப்புறம்தான் ஒரு பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்போம்.

இதைக் கம்பெனிகள் கண்டுபிடித்த தந்திரம் என்று உங்கள் பேராசிரியர் சொல்லியிருந்தால் அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். விலையை முதலில் சொல்லி அளவை அதற்குப் பின்னால் வரவைப்பது நம் தெருவில் எப்போதும் இருந்ததுதான். பத்து ரூபாய்க்குக் கறிவேப்பிலை கொத்தமல்லி கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம், எத்தனை கிராம் என்று எவரும் கேட்பதில்லை. அந்தப் பத்து ரூபாய்க்கு ஆடியில் ஒரு கட்டும் ஐப்பசி மழையில் நாலு ஈர்க்கும் வரும். பூக்காரம்மாவின் முழம் இன்னும் சுவாரசியம். சாதாரண நாளில் முழங்கையிலிருந்து விரல் நுனியையும் தாண்டிப் போகிற சரம், முகூர்த்த நாளில் மணிக்கட்டோடு நின்றுவிடும். கை அதே கைதான், முழத்துக்கு அவர் சொல்கிற விலையும் சில சமயம் அதே விலைதான். வாங்குகிறவர், "என்னம்மா இது முழமா?" என்று முறைப்பார், அவரும் அலுத்துக்கொண்டே இன்னும் ரெண்டு கண்ணி சேர்த்து அறுத்துக் கொடுப்பார்.

பாக்கெட்டில் இல்லாமல் போனது இந்தப் பேச்சுதான் என்று நினைக்கிறேன். அளவு குறைகிறது என்பது பூக்காரம்மாவிடம் கண்ணெதிரே நடக்கிறது, உடனே சண்டை பிடிக்கலாம், கொசுறு வாங்கலாம். பிஸ்கட் பாக்கெட்டை எந்த ஊரிலோ இருக்கிற தொழிற்சாலையில் ஒட்டிவிட்டார்கள். சண்டை பிடிக்க ஆள் வேண்டுமே, உங்கள் அப்பா அகப்படுகிறார்.

ஒரு நாணயத்துக்கு ஒரு பாக்கெட் என்கிற இந்த விலையை வைத்துப் பெரிய தொழிலே கட்டமுடியும் என்று காட்டியது கடலூர். எம்.பி.ஏ. பாடத்தில் உங்களுக்கு இது வந்திருக்கும், வராவிட்டால் கேட்டு வாங்கிப் படியுங்கள். சின்னி கிருஷ்ணன் என்பவர் அங்கே பொருட்களைச் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாகப் போட்டு விற்றுப் பார்த்தவர். அவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் வெல்வெட் ஷாம்புவைப் பாக்கெட்டில் கொண்டுவந்தார்கள். அதில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் தனியாகப் பிரிந்து 1983இல் 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்புவை ஆரம்பித்தார். சிக் என்பது அப்பா பெயரின் சுருக்கம், பின்னால் அந்தக் கம்பெனிதான் கவின்கேர் ஆனது. அன்றைக்கு ஷாம்பு என்றால் பாட்டில், பாட்டில் என்றால் வசதியான வீடு. கிராமத்தில் சீயக்காய், அவசரத்துக்குக் குளிக்கிற சோப்பையே தலைக்கும் போடுவார்கள். அங்கே போய் ஒரு பையனை உட்காரவைத்து, எல்லோர் முன்னாலும் தலைக்கு ஷாம்பு போட்டு அலசி, காய்ந்த முடியைத் தொட்டுப் பாருங்கள் என்று சொல்லி விற்றார்கள்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு வேலை. எந்தக் கம்பெனியின் ஷாம்புவானாலும் சரி, ஐந்து காலிப் பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். கொஞ்ச நாள் கழித்து அதையே சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றிவிட்டார்கள். அதற்குள் ஜனங்களுக்குப் பழகிவிட்டது. வியாபாரத்துக்காகச் செய்ததுதான், ஆனால் யோசித்துப் பாருங்கள், காலிப் பாக்கெட்டைக் கம்பெனியே திரும்ப வாங்கிக்கொண்ட காலம் ஒன்று இருந்திருக்கிறது. இன்று கம்பெனிகள் தங்கள் பிளாஸ்டிக்குக்குத் தாங்களே பொறுப்பு என்று சட்டம் போட்டுச் சொல்லவேண்டியிருக்கிறது. பழைய இரும்பு, பாட்டில் எடுக்கிறவர்கள் ஷாம்பு உறையைக் குனிந்துகூட எடுப்பதில்லை, எடைக்குப் போட்டால் காசு தேறாது. உங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் குளித்துவிட்டு விட்டுப்போன உறைகளைப் பார்த்திருப்பீர்கள். சரி, அது வேறு கதை.

ஷாம்புவில் இன்னொரு வேடிக்கை உண்டு. பொதுவாக மொத்தமாக வாங்கினால் மலிவு, சில்லறையாக வாங்கினால் கூடுதல் என்பதுதானே கணக்கு? உங்கள் கடையில் தொங்குகிற சரத்தில் ஒரு பாக்கெட்டைக் கிழித்து அதில் எத்தனை மில்லி என்று பாருங்கள், அதே பிராண்டின் பாட்டிலோடு வகுத்துப் பாருங்கள். பல பிராண்டுகளில் பாக்கெட்தான் மலிவு. காரணம், சரம் தொங்குகிற இடத்தில் பக்கத்திலேயே இன்னும் ஏழெட்டு சரம் தொங்குகிறது, எல்லாம் ஒரே விலை. அரை மில்லி குறைந்தால் வாங்குகிறவருக்குத் தலையில் நுரை வராதபோதே தெரிந்துவிடும், அடுத்த வாரம் பக்கத்துச் சரத்துக்குத் தாவிவிடுவார். பாட்டில் வாங்குகிறவர் மணம் பார்ப்பார், மூடி பார்ப்பார், விளம்பரத்தில் வந்த முகம் பார்ப்பார், மில்லிக்கு எவ்வளவு என்று வகுக்கமாட்டார். இது தெரிந்த நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் மாத மளிகையில் ரெண்டு சரம் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஏழைகள் கணக்குத் தெரியாமல் சின்னப் பாக்கெட்டில் ஏமாறுகிறார்கள் என்று வகுப்பில் யாராவது சொன்னால் இந்த உதாரணத்தைச் சொல்லுங்கள்.

பிஸ்கட்டில் மட்டும் ஏன் ஏமாற்றப்பட்ட மாதிரி இருக்கிறது என்றால், அங்கே உறை பொய் சொல்கிறது. ஒரு பேச்சுக்கு, 50 கிராம் இருந்த ஐந்து ரூபாய் பாக்கெட் 40 கிராம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். எடையில் குறைந்தது 20 சதவீதம், ஆனால் கிராமுக்கு 10 காசு கொடுத்த இடத்தில் இப்போது பன்னிரண்டரை காசு, அதாவது விலை ஏறியது 25 சதவீதம். மாவும் சர்க்கரையும் எண்ணெயும் விலை ஏறினால் கம்பெனி வேறு என்ன செய்யும், அதைத் திருட்டு என்று நான் சொல்லமாட்டேன், எடை அட்டையில் அச்சிட்டுத்தான் இருக்கிறது. ஆனால் எப்படிக் குறைக்கிறார்கள் என்று பாருங்கள். பிஸ்கட்டின் விட்டம் அதே இருக்கும், கனம் ஒரு நூல் குறையும். இல்லாவிட்டால் எண்ணிக்கையில் ஒன்று குறையும், ஒட்டுகிற விளிம்பு ரெண்டு பக்கமும் கொஞ்சம் நீளும். ரேக்கில் அடுக்கிப் பார்த்தால் பழைய பாக்கெட்டும் புதிய பாக்கெட்டும் ஒரே நீளம். சிப்ஸ் பையில் காற்று அடைப்பதற்காவது ஒரு காரணம் சொல்லலாம், உள்ளே இருப்பது நைட்ரஜன், நொறுங்காமலும் எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமலும் காக்கிறது. பிஸ்கட் உறையின் நீளத்துக்கு அப்படி ஒரு காரணமும் இல்லை. எடை கூடினால் மஞ்சள் பட்டை போட்டு "20% அதிகம்" என்று பாதி அட்டையை நிரப்புகிறவர்கள், குறைந்தால் மட்டும் ஓரத்தில் எறும்பு அளவு எழுத்தில் மாற்றிவிட்டுப் போகிறார்கள். உங்கள் அப்பா திருட்டு என்று சொல்வதில் நான் ஒப்புக்கொள்ளும் பகுதி இதுதான்.

சட்டமும் இதில் ஒரு கை வைத்தது. முன்பெல்லாம் பிஸ்கட், டீத்தூள் போன்ற சில பொருட்களை இன்னின்ன அளவுகளில்தான் அடைக்கவேண்டும் என்று ஒரு அட்டவணை இருந்தது. 2021இல் கொண்டுவந்த திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள், அதற்குப் பதிலாகக் கிராமுக்கு என்ன விலை என்று அச்சிடவேண்டும் என்றார்கள். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் புள்ளிப் புள்ளியாக மை அடித்த ஒரு வரி இருக்கும், அதில் 0.10, 0.13 என்று ரூபாய்க் கணக்கில் வருகிறதே, அதுதான். நல்ல ஏற்பாடுதான், ஆனால் கடை வாசலில் நின்று அதைப் படிக்கிற ஒருவரையும் நான் இதுவரை பார்க்கவில்லை. ஐந்து ரூபாய் நாணயத்தைக் கையில் பொத்திக்கொண்டு ஓடிவருகிற பிள்ளை அதைப் படிக்குமா?

அளவைக் குறைக்கமுடியாதவன் படும் பாடும் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் கோக்க கோலா 1886இல் ஐந்து சென்ட்டுக்கு வந்தது, ஏறத்தாழ 70 வருஷம் அதே ஐந்து சென்ட்டில் நின்றது. கண்ணாடி பாட்டில் ஆறரை அவுன்ஸ், திரும்ப வாங்கிக் கழுவி நிரப்புகிற பாட்டில், சுருக்கமுடியாது. தானாக விற்கிற இயந்திரங்கள் ஐந்து சென்ட் நாணயத்தைத்தான் விழுங்கும், அடுத்தது பத்து சென்ட், அதாவது ஒரே நாளில் விலை இரண்டு மடங்கு. கம்பெனித் தலைவராக இருந்த ராபர்ட் உட்ரஃப் 1953இல் ஜனாதிபதி ஐசனோவருக்கே எழுதி ஏழரை சென்ட் நாணயம் ஒன்று அடிக்கச் சொல்லிக் கேட்டார். நடக்கவில்லை. அதே கம்பெனி 2003 வாக்கில் இங்கே 200 மில்லி பாட்டிலை ஐந்து ரூபாய்க்குக் கொண்டுவந்து நாடு முழுக்க விளம்பரம் செய்தது, அந்த விலையை வெகுநாள் பிடித்துவைக்க முடியவில்லை. பிளாஸ்டிக் உறைக்காரனுக்கு இந்தக் கஷ்டமே இல்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, போனில் காசு கொடுக்கும்போது ஏழு ரூபாய் ஏன் கூடாது என்பது. கேள்வி நல்ல கேள்வி. நாணயம் போனால் விலையும் போகும் என்பதற்குச் சாட்சி உண்டு. 1999 வாக்கில் ஐம்பது காசுக்கு ஷாம்பு பாக்கெட் வந்து கிராமம் கிராமமாகப் போனது. 2011 ஜூன் மாதத்தோடு 25 காசும் அதற்குக் கீழே உள்ளவையும் செல்லாது என்றார்கள். ஐம்பது காசு சட்டப்படி இன்றும் செல்லும், ஆனால் உங்கள் கல்லாவில் யாராவது நீட்டினால் நீங்களே வாங்கமாட்டீர்கள். அந்த விலையும் அதோடு போய்ச் சேர்ந்தது.

2025 செப்டம்பரில் இன்னொரு சோதனை தானாகவே நடந்தது. பிஸ்கட், ஷாம்பு, குளிக்கிற சோப்பு எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி.யை 18இலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். கணக்குப் போட்டால் ஐந்து ரூபாய் பாக்கெட் 4 ரூபாய் 45 காசு. போனில் 4.45 என்று தட்டி அனுப்புவதில் ஒரு சிரமமும் இல்லை. ஆனாலும் கடையில் பழைய மாதிரி, "அஞ்சு ரூபா பிஸ்கட் ஒண்ணு" என்றுதான் கேட்டார்கள், ஐந்து என்றுதான் தட்டினார்கள். மீதி 55 காசுக்குக் கடைக்காரர் எங்கே போவார்? ஜனங்கள் அந்தப் பொருளை விலையைச் சொல்லியே கூப்பிடுகிறார்கள், பிராண்ட் பெயர்கூட அதற்கு அப்புறம்தான். கூலி வாங்கி வருகிறவருக்கு மூன்று பிள்ளைகளுக்கு மூன்று பாக்கெட் என்றால் பதினைந்து, டீக்குப் பத்து, பீடிக்கு இவ்வளவு என்று வழியிலேயே கணக்கு முடிந்துவிடுகிறது. ஏழு ரூபாய் என்றால் அந்தக் கணக்கைப் புதிதாகப் போடவேண்டும். போன் வந்ததால் போனது மீதிச் சில்லறைக்கு சாக்லேட் கொடுக்கிற வழக்கம்தான், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

ப்ராஜெக்ட் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் கேள்வித்தாள் அச்சடித்து நூறு பேரிடம் டிக் வாங்குகிற மாதிரி வேண்டாம். உங்கள் கையில் ஒரு கடையே இருக்கிறது. ஒவ்வொரு ஸ்டாக் வரும்போதும் பத்துப் பொருளின் எடையையும் கிராம் விலையையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், காலி உறை ஒன்றையும் பக்கத்தில் ஒட்டுங்கள், உறையின் நீளத்தை ஸ்கேல் வைத்து அளந்து குறியுங்கள். நீங்கள் ஹாஸ்டலுக்குப் போனபிறகு அப்பாவை எழுதச் சொல்லுங்கள், அவர் உங்களைவிடக் கோபமாக எழுதுவார். அடுத்த தடவை அந்த அம்மா வந்து கேட்கும்போது நோட்டை எடுத்துக் காட்டட்டும்.

அன்புடன்.