கருவி தயார், மருத்துவர்தான் கிடைக்கவில்லை

கேள்வி: நான் பொறியியல் ஆராய்ச்சி மாணவன். உடலின் மின்மறுப்பை, அதாவது மாறுமின்னோட்டத்துக்கு உடல் காட்டும் எதிர்ப்பை, அளக்க நான்கு மின்முனைகள் கொண்ட கருவி ஒன்றை உருவாக்கியிருக்கிறேன். டயாலிசிஸ் நோயாளிகளின் உடலில் தேங்கும் நீரை இதனால் கணிக்கலாம் என்று நம்புகிறேன். பல மருத்துவர்களுக்கு எழுதியதில் ஒருவர்தான் பதில் போட்டார்: "இதனால் எனக்கு என்ன பயன்?" இப்போது ஒருவர், பணம் கொடுத்தால் நோயாளிகளின் அளவீடுகளையும், மனிதரிடம் செய்யும் ஆய்வுகளைப் பார்த்து ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவின் அனுமதியையும் தானே வாங்கித் தருவதாகச் சொல்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அந்த ஆளோடு இனிப் பேசவே பேசாதீர்கள்.

இப்படி வாங்கிய அட்டவணை ஒன்றை ஒரு மாணவர் என்னிடம் கொண்டுவந்தார். டயாலிசிஸில் நீரை எடுத்த பிறகு உடலின் மின்தடை கூட வேண்டும். அதில் பாதிப் பேருக்குக் குறைந்திருந்தது. மின்முனையை எந்தக் கையில் ஒட்டினார்கள், நோயாளி எவ்வளவு நேரம் படுத்திருந்தார், கை கட்டில் கம்பியில் பட்டதா என்று கேட்டோம். பதில் சொல்ல ஆளில்லை. எழுந்து நிற்பவர் படுத்தாலே உடலில் நீர் இடம் மாறும், அளவும் மாறும். எப்படி அளந்தார்கள் என்று தெரியாத எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த மாணவருக்கு ஒரு வருடம் வீணானது. சம்மதம் கேட்கப்படாத நோயாளிகளுக்கு நடந்தது அதைவிடப் பெரிய அநியாயம்.

அனுமதி என்பது முதல் அளவீட்டுக்கு முன்பே வர வேண்டியது. பின்னால் வாங்கி முன்தேதி போட்ட தாள் அனுமதி ஆகாது. இதற்கு ஒரே விலக்கு, மனிதரோ விலங்கோ இல்லாத சோதனை. மின்தடையும் மின்தேக்கியும் சேர்த்துக் கட்டிய போலிச் சுற்று, உப்புநீர்த் தொட்டி, இவற்றில் எத்தனை முறை வேண்டுமானாலும் அளந்து பாருங்கள். 'என் கையில்தானே ஒட்டிப் பார்க்கிறேன்' என்பார்கள். உங்கள் கையும் மனிதக் கைதான். ஆய்வக நண்பரின் கையும் அப்படியே. குழுவிடம் கேட்டுவிட்டே ஒட்டுங்கள். போலிச் சுற்றும் உப்புநீர்த் தொட்டியும் மட்டும்தான் யாரிடமும் கேட்க வேண்டாதவை.

சரி, அந்த மருத்துவருக்கு வருவோம். அவர் உங்களைத் துரத்தவில்லை. சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார். உங்கள் கடிதத்தில் அலைவெண் (ஃப்ரீக்வென்சி) வரைபடமும் கட்டக் கோணமும்தான் நிறைய இருந்திருக்கும். அவருடைய தலைவலி வேறு: இன்று இந்த நோயாளியிடமிருந்து எத்தனை லிட்டர் எடுப்பது? கூடுதலாக எடுத்தால் ரத்த அழுத்தம் விழும், தசை பிடித்துக்கொள்ளும். குறைவாக எடுத்தால் மூச்சு வாங்கும், இதயத்துக்குச் சுமை. எடை, ரத்த அழுத்தம், கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினால் விழும் குழி, இவற்றை வைத்துத்தான் பெரும்பாலும் முடிவெடுக்கிறார். அவரிடம் இவ்வளவு சொன்னால் போதும்: தாழ்ந்த அலைவெண்ணில் மின்னோட்டம் செல்களுக்கு வெளியே உள்ள நீரில்தான் ஓடும், உயர்ந்த அலைவெண்ணில் செல்லுக்குள்ளும் புகும், இரண்டையும் ஒப்பிட்டால் வெளியே தேங்கியிருப்பது எவ்வளவு என்று கணிக்கலாம்.

ஆனால் இதே வேலைக்கு விற்பனையிலேயே கருவிகள் உண்டு. உங்களுடையது கூடுதலாக எதைச் சொல்லும்? ஒரு இடத்தைக் காட்டுகிறேன். கையிலிருந்து கால்வரை அளக்கும்போது, உடல் எடையில் ஏறக்குறையப் பாதியான நடு உடல் (மார்பும் வயிறும்) மொத்த மின்தடையில் பத்தில் ஒரு பங்குதான் தரும். வயிற்றில் நீர் கோத்திருந்தாலும் அந்த அளவில் சரியாகத் தெரியாது. பொறியாளரும் மருத்துவரும் சேர்ந்து யோசிக்க வேண்டியது இந்த மாதிரி இடத்தில்தான்.

மின்முனைகளால் நுரையீரலைப் படம்பிடிக்கும் முறையை 1980களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் வளர்த்த பார்பரும் பிரவுனும் மருத்துவ இயற்பியல் துறையில் இருந்தவர்கள், மருத்துவமனையை ஒட்டியே வேலை செய்தவர்கள். இன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் மார்பைச் சுற்றிப் பட்டை கட்டி, வென்டிலேட்டர் காற்று நுரையீரலின் எந்தப் பகுதிக்குப் போகிறது என்று பார்க்கிறார்கள்.

நம் அமைப்பு இப்படிச் சேர்ந்து வேலை செய்வதற்கு இடம் கொடுப்பதில்லை என்பது எனக்குத் தீராத ஆத்திரம். பல்கலைக்கழகம் கட்டுரைகளை எண்ணுகிறது, மருத்துவமனை நோயாளிகளை எண்ணுகிறது. இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்த மணிநேரத்தை யாரும் எண்ணுவதில்லை. அதனால்தான் ஆரோக்கியமான பத்து மாணவர்களை அளந்த கட்டுரைகள் குவிகின்றன.

கருவியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நோட்டுப்புத்தகத்தோடு போய், அனுமதி பெற்று, வார்டில் சில நாள் உட்காருங்கள். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) உள்ள கையில் எதையும் ஒட்டக் கூடாது என்பதை அங்கே ஒரு செவிலியர் முதல் நாளே சொல்லிவிடுவார். பேஸ்மேக்கர் வைத்தவர்களைச் சேர்க்காதீர்கள். மின்னோட்ட வரம்புக்கு, மருத்துவ மின்கருவிகளுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஇசி 60601 இருக்கிறது. மருத்துவமனையின் உயிர்மருத்துவப் பொறியாளர் சோதித்துக் கையெழுத்திடாமல் கருவி நோயாளியைத் தொடக் கூடாது. அப்புறம், புள்ளியியலாளரை முதல் நாளே சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கருவிகளுக்கிடையே தொடர்பு இருப்பது (ஒன்று ஏறினால் மற்றதும் ஏறுவது) வேறு, இரண்டும் ஒத்துப்போவது (ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டுவது) வேறு. ஆல்ட்மன், பிளாண்ட் என்ற புள்ளியியலாளர்கள் 1986லேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டார்கள். இன்னும் தொடர்புக் குணகத்தை மட்டும் காட்டி வருகிறார்கள்.

அந்த மருத்துவருக்கு மறுபடி எழுதுங்கள், நான்கே வரியில். "நீர் எடுக்கும் அளவை முடிவு செய்வதில் உங்களுக்கு எந்த நோயாளி மிகவும் சிரமம் தருகிறார்? நான் வந்து பார்க்கலாமா?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டால் டயாலிசிஸ் பிரிவின் தலைமைச் செவிலியரிடம் போய்க் கேளுங்கள். மருத்துவர் எந்த நேரத்தில் பத்து நிமிடம் உட்காருவார் என்பது அந்தச் செவிலியருக்குத்தான் தெரியும்.