அம்மா ஏன் இஞ்சித் துவையல்?

அன்புள்ள ஐயா,

உங்கள் சிறுவர் கதையை என் எட்டு வயது மகளுக்கு வாசித்துக் காட்டினேன். கதையில் வரும் சிறுமி வீட்டில் உள்ளவர்களைத் தின்பண்டமும் கறியுமாகப் படம் வரைகிறாள். ஆச்சி கருப்பட்டி, அப்பா சொதி, அம்மா இஞ்சித் துவையல். அந்த இடத்தில் என் மகள் அழுதுவிட்டாள். "அம்மா மட்டும் ஏன் காரம்? நம்ம ஊர் அல்வாவா வரைஞ்சிருக்கலாம்லா?" என்கிறாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

பிள்ளை அழுதாள் என்று படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. முதலில் அம்மாவை அல்வா என்றுதான் எழுதியிருந்தேன். அப்புறம் அடித்துவிட்டேன். அல்வா என்றதும் திருநெல்வேலி ஞாபகம் வருகிறது, ஓர் அம்மாவின் முகம் வரவில்லை. 'அல்வா கொடுத்துட்டான்' என்கிற ஏமாற்றுப் பேச்சு வேறு பிள்ளைகள் காதில் விழுகிறது.

சொதியை நினைத்துப் பாருங்கள். கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டில் மாப்பிள்ளைக்கு வைக்கிற சொதி. காய்கள் தேங்காயின் இரண்டாம் பாலிலும் மூன்றாம் பாலிலும் வெந்து, பாசிப்பருப்பு சேர்ந்து, கடைசியில் முதலில் பிழிந்த கெட்டியான தலைப்பால் ஊற்றியதும் கொதிக்கவிடாமல் இறக்க வேண்டும். விட்டால் திரிந்துபோகும். அத்தனை தேங்காய்ப்பாலும் வயிற்றுக்கு மந்தம். அதற்குத்தான் பக்கத்திலேயே இஞ்சித் துவையல். கதையில் அப்பா செல்லம் கொடுத்தே திகட்ட வைப்பவர். அந்தச் செல்லம் பிள்ளைக்குச் செரிப்பது அம்மாவால்தான்.

என் அம்மா இலையோரத்தில் நெல்லிக்காய் அளவு துவையல் வைப்பாள். நான் அதை விரலால் தள்ளித் தள்ளி விளிம்புக்குக் கொண்டுபோவேன். "தொட்டுக்கோ. ராத்திரி வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்காத" என்று சொல்லிவிட்டு, நான் வாயில் வைக்கிறவரை கையில் கரண்டியோடு அங்கேயே நிற்பாள். அடுத்த பந்தி காத்திருந்தாலும் நகரமாட்டாள்.

இதைக் கதையில் எழுதாமல் விட்டது என் பிழைதான். ஆச்சிக்கு ஒரு பக்கம் கொடுத்திருக்கிறேன்: சிரட்டை வடிவில் இருக்கிற கருப்பட்டியை அம்மிக் குழவியால் தட்டுவது, வெந்நீரில் கரைத்து மண் போக வடிகட்டுவது, பேத்தி வாயில் ஒரு சில்லைப் போடுவது. அம்மாவுக்கு ஒரே வரி. குழந்தை அழாமல் என்ன செய்யும்? மறுபதிப்பு வந்தால் அந்த இலையோரத்தைச் சேர்த்துவிடுகிறேன்.

உங்கள் மகள் தன் அம்மாவை அல்வாவாகவே வரையட்டும். சட்டியில் கோதுமைப் பால் நெய் கக்குகிறவரை கிளறுகிற கையையும் கூடவே வரையச் சொல்லுங்கள். வரைந்ததும் எனக்கு அனுப்புங்கள், காத்திருப்பேன்.