ஓர் இசைக்கலைஞர் மீது கொண்ட அளவுகடந்த அபிமானத்தை நம்முடைய வளர்ச்சிக்குப் பயன்படுத்த முடியுமா?

கேள்வி கேட்டவர் தம் நிலையைச் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார். இளையராஜாவின் பாடல்கள் இல்லாமல் அவருக்கு ஒரு நாளும் கழிவதில்லை. இளையராஜாவைக் குறைத்து யாராவது எழுதினால் சண்டைக்குப் போகாமல் இருக்க முடிவதில்லை. வீட்டில் இதைப் பைத்தியம் என்கிறார்கள். இந்தப் பற்றை உருப்படியான ஒன்றாக மாற்ற முடியுமா என்று கேட்கிறார்.

முடியும். ஆனால் அபிமானத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்ற வழக்கமான அறிவுரையில் எனக்கு நம்பிக்கை இல்லை. யார் சொல்லியும் அது குறைவதில்லை. குறைய வேண்டிய தேவையும் இல்லை. உங்கள் அபிமானக் கலைஞரையே பார்த்துக்கொண்டு நிற்காமல், அவர் யாரை அண்ணாந்து பார்த்தார், பார்த்த பிறகு என்ன செய்தார் என்பதைத் தேடத் தொடங்குங்கள்.

ரசிக வெறியை நம் ஊர்ச் சரக்கு என்று நினைப்பவர்கள் 1841, 1842 ஆண்டுகளில் பெர்லின் நகரம் இருந்த நிலையை அறிந்துகொள்ள வேண்டும். ஃபிரான்ஸ் லிஸ்ட் என்ற பியானோ கலைஞரின் கையுறைக்கும் கைக்குட்டைக்கும் அங்கே பெண்கள் அடித்துக்கொண்டார்கள்; அவர் வாசிக்கும்போது அறுந்த தந்தியைக் கைவளையாகச் செய்து அணிந்தவர்களும் உண்டு. இந்தப் பித்துக்கு ஹைனே என்ற கவிஞர் 1844இல் ‘லிஸ்டோமேனியா’ என்று பெயரே சூட்டிவிட்டார். ஆனால் இத்தனை பேர் கொண்டாடிய அதே லிஸ்ட், பத்து ஆண்டுகளுக்கு முன்னால் தாமே ஒரு தீவிர ரசிகராக இருந்தவர் என்பதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். 1832இல் பாரிஸில் பகனினி என்ற இத்தாலியக் கலைஞரின் வயலின் வாசிப்பைக் கேட்டபோது அவருக்கு வயது இருபது. கேட்டுவிட்டுக் கையுறையைத் தேடிப் போகாமல் பியானோ முன்னால் உட்கார்ந்தார். நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் விரல் பயிற்சிகளை மட்டுமே செய்வதாக அந்த ஆண்டு மே மாதம் ஒரு கடிதத்தில் எழுதினார். வயலின் கற்றுக்கொண்டு இன்னொரு பகனினி ஆகிவிட வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அந்த மனிதர் நான்கு தந்திகளில் செய்ததைத் தம்முடைய வாத்தியத்தில் எப்படிச் செய்வது என்பதே அவருடைய கவலையாக இருந்தது. பகனினியின் இசையை அடிப்படையாக வைத்து அவர் எழுதிய பியானோ பயிற்சி இசைகள் இன்றும் அரங்குகளில் வாசிக்கப்படுகின்றன.

இனி உங்கள் ராஜாவுக்கு வருவோம். பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராஜனின் கச்சேரிகளுக்கு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர், சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார், இசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிடார் தேர்வு எழுதித் தேறினார், டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக இசையும் பாடம் கேட்டார். 1986இல் வெளிவந்த ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பைத் தியாகராஜருக்கும், யோஹான் செபாஸ்டியன் பாக் என்ற ஜெர்மானிய இசைமேதைக்கும் காணிக்கையாக்கினார். அதில் ஓர் உருப்படிக்கு, பாக்கைத் தம் வீட்டிலேயே சந்தித்ததாகப் பொருள்படும் தலைப்பு வைத்திருக்கிறார்; பாக்கின் வயலின் இசை அதனுள் பின்னிக்கொண்டு ஓடுகிறது. ஒரு ரசிகர் தம் ஆதர்சத்துக்குச் செலுத்தக்கூடிய மரியாதையில் இதைவிடப் பெரியதை நான் அறியேன்.

அந்தப் பாக் மட்டும் என்ன, சும்மா வானத்திலிருந்து குதித்தவரா? 1705இல், இருபது வயதில், ஆர்ன்ஸ்டாட் நகரத்துத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தவர், நான்கு வாரம் விடுப்பு வாங்கிக்கொண்டு, பக்ஸ்டஹூட என்ற முதிய கலைஞரைக் கேட்பதற்காக லூபெக் நகரம் வரை ஏறக்குறைய 400 கிலோமீட்டர் நடந்து போனார். விடுப்பு முடிந்தும் திரும்பாமல் அங்கேயே சில மாதங்கள் தங்கிவிட்டு வந்ததற்காகத் தேவாலய நிர்வாகத்தார் அவரை விசாரித்தார்கள். வந்த பிறகு பாடல்களுக்கு நடுவே விசித்திரமான ஸ்வரங்களைக் கலந்து பாடுபவர்களைக் குழப்புகிறார் என்பதும் அவர்களுடைய புகார்களில் ஒன்று. போய்க் கேட்டது கைக்கு வரத் தொடங்கிவிட்டது என்பதற்கு இந்தப் புகாரே சாட்சி என்று எனக்குத் தோன்றுகிறது.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்பதற்கு முதலில் கேட்கும் முறையை மாற்றச் சொல்வேன். ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்து அறுபது நிமிடக் கேசட்டில் பாட்டுப் பதிந்து வாங்கிய தலைமுறை என்னுடையது. வேறு கேசட் வாங்கக் காசில்லாததால் அதே பத்துப் பன்னிரண்டு பாடல்களை நாடா தேயும்வரை கேட்டோம். இன்று எல்லாப் பாடல்களும் கைபேசியில் இருப்பதால், எதையும் அப்படிக் கேட்க வாய்ப்பதில்லை. ஒரே பாடலை எடுத்துக்கொண்டு, பாடகரின் குரலைக் கவனிக்காமல், அடியில் ஓடும் பேஸ் கிடாரை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அது வெறுமனே தாளத்துக்குத் துணை போகாமல் தனியாக ஒரு மெட்டையே பாடிக்கொண்டு போவது சில முறை கேட்ட பிறகுதான் பிடிபடும். அடுத்த முறை இரண்டு இடையிசைகளையும் மட்டும் கேளுங்கள். பெரும்பாலான பாடல்களில் இரண்டாவது, முதலாவதின் மறுபதிப்பாக இருப்பதில்லை. கேட்டதைச் சொந்தச் சொற்களில் எழுதிப் பாருங்கள். எழுதத் தொடங்கினால்தான் ‘தெய்வீகம்’, ‘வேற லெவல்’ ஆகிய சொற்களை வைத்துக்கொண்டு ஒரு பத்தியைக்கூட நிரப்ப முடியாது என்பது தெரியும். ரகுமான் ரசிகர்களோடு மல்லுக்கட்டுவதற்கும் இதன்பின் நேரம் இருக்காது. அந்த ரகுமானே தொடக்க காலத்தில் இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர்தாம்.

நான் இசைக்காரன் அல்லன். கட்டடங்களுக்குக் கம்பி விவர வரைபடம் தயாரிப்பது என் தொழில். வாத்தியத்தைத் தொடாமலே, ஒவ்வொரு கருவிக்கும் உரிய ஸ்வரங்களை முழுமையாகத் தாளில் எழுதி முடித்துவிட்டுத்தான் இளையராஜா கலைஞர்களிடம் கொடுக்கிறார் என்பதைப் படித்தபோது எனக்கு என் மேசைதான் நினைவுக்கு வந்தது. பீமும் தூணும் சந்திக்கும் இடத்தில் எந்தக் கம்பி மேலே போக வேண்டும், லேப், அதாவது ஒரு கம்பியோடு அடுத்த கம்பி சேர்ந்து படியும் இணைப்பு, எங்கே விழ வேண்டும், கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளின் இடைவெளி எங்கே நெருங்க வேண்டும் என்பதையெல்லாம் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், வரைபடம் வெளியே போகும் முன்பே தீர்த்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். “சார், ரெண்டு கம்பியும் மோதுதே, எதைத் தூக்கிப் போடுறது?” என்று கம்பி கட்டும் மேஸ்திரி போனில் கேட்பது வெகுவாகக் குறைந்தது. இதற்கும் இசைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் சிரிக்கலாம். லிஸ்டும் வயலினைக் கையில் எடுக்கவில்லை என்பதையே அவர்களுக்குச் சொல்வேன்.

கலைஞரின் இசையைப் போற்றுகிறவர் அவருடைய ஒவ்வொரு பேச்சுக்கும் வழக்கறிஞர் ஆக வேண்டியதில்லை. பகனினி 1840இல் இறந்தபோது லிஸ்ட் எழுதிய அஞ்சலிக் கட்டுரையில் அவருடைய மேதைமையைப் போற்றிய கையோடு, தன்னை மட்டுமே மையமாகக் கொண்ட அந்த வாழ்க்கையைப் பின்வரும் கலைஞர்கள் பின்பற்றக் கூடாது என்றும் எழுதினார். லிஸ்ட் பிறகு முப்பத்தைந்து வயதிலேயே கட்டணக் கச்சேரிகளை நிறுத்திவிட்டார். ஜெர்மனியின் வைமார் நகரில் தம்மிடம் வந்த மாணவர்களுக்குக் கட்டணமின்றியே சொல்லிக்கொடுத்தார். நம்மவர்களோ இளையராஜாவின் பாடல் உரிமை வழக்குகள் செய்தியில் வந்தால், ஒரு சாரார் பேராசை என்கிறார்கள், மறு சாரார் அப்படிச் சொன்னவரின் குலம் கோத்திரம் வரை போய்விடுகிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தையோ, இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் உரிமத் தொகையில் பங்கை உறுதிசெய்த 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தையோ இவர்களில் எத்தனை பேர் புரட்டிப் பார்த்திருப்பார்கள்? நீங்கள் படித்துப் பாருங்கள். படித்த பிறகு, உங்கள் ராஜாவின் வாதம் ஓரிடத்தில் நிற்காது என்று தோன்றினால், அதையும் ரசிகர் குழுவிலேயே காரணத்தோடு எழுதுங்கள்.