எங்கே சறுக்கினார்?

கேள்வி: 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் ஃபிகர் ஸ்கேட்டிங்கில், காற்றில் நாலு சுற்று சுற்றும் தாவலை ஐந்து முறை போட்ட ரஷ்யப் பெண் ட்ருசோவாவுக்கு வெள்ளி. இரண்டே முறை போட்ட ஷெர்பகோவாவுக்குத் தங்கம். எல்லாரிடமும் தங்கம் இருக்கிறது, தன்னிடம் மட்டும் இல்லை என்று அந்தப் பெண் கேமரா முன் அழுததைச் சமீபத்தில்தான் வீடியோவில் பார்த்தேன். நடுவர்கள் சதியா? அவருக்கு நேரம் சரியில்லையா? எங்கேதான் சறுக்கினார்?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: நேரம் பற்றிய கேள்வியை ஜோதிடப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன். கேட்டால் அலெக்சாண்ட்ரா ட்ருசோவா, பிறப்பு 2004 ஜூன் 23, ரியாசான் நகரம் என்று சொல்லிக்கொள்ளுங்கள். என் கண் போய் நின்றது உங்கள் 'சறுக்கினார்' மேல்.

பங்குச்சந்தை சறுக்கினால் நஷ்டம். கட்சி சறுக்கினால் டெபாசிட் காலி. இந்தப் பெண்கள் சறுக்கினால் மட்டும் பதக்கம்! மலைச்சரிவில் காலில் கட்டையை மாட்டிக்கொண்டு இறங்குகிறவர், வண்டியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு பாய்கிறவர், அரங்கத்துக்குள் இசைக்கு ஆடுகிறவர் எல்லாரும் நம் விளையாட்டுப் பக்கக்காரர்களுக்கு 'பனிச்சறுக்கு வீரர்'தான். மார்கழியில் மொட்டைமாடியில் விழுவது பனி. ஜூஸ் கடையில் சாக்கில் சுற்றிக் கட்டையால் அடித்து உடைப்பது பனிக்கட்டி. ட்ருசோவா தாவியது இரண்டாவதன் மேல். இதைச் சொன்னதிலிருந்து அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

உண்மையில் அந்த ஆட்டத்தில் சறுக்கவே கூடாது. பூட்ஸுக்கு அடியில் இருக்கும் கத்தி சுமார் 4 மில்லிமீட்டர் அகலம். அடிப்பக்கத்தை நீளவாக்கில் வாய்க்கால் மாதிரி குழித்திருப்பார்கள். ஆகவே ஒரு கத்திக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு விளிம்பு. ஏதாவது ஒன்றில் சாய்ந்து, பனிக்கட்டியைக் கடித்துக்கொண்டே போகவேண்டும். கடி விட்டால்தான் நீங்கள் சொல்லும் சறுக்கல். கத்தியின் மூக்கில் ரம்பப் பற்கள். பின்னோக்கி வந்து, இடது காலில் நின்று, வலது கால் பல்லைக் குத்தி எழும்புவதில் இரண்டு வகை: இடது கால் வெளிவிளிம்பில் இருந்தால் லட்ஸ், உள்விளிம்பில் இருந்தால் ஃப்ளிப். லட்ஸில் உடம்பு வளைந்து வரும் திசை ஒன்று, மேலே போய்ச் சுற்றவேண்டிய திசை அதற்கு நேர் எதிர். அதனால் கடைசிக் கணத்தில் கணுக்கால் நைசாக உள்ளே சாய்ந்துகொள்ளப் பார்க்கும். சாய்ந்தால் டெக்னிக்கல் குழு ஸ்லோமோஷனில் ஓட்டிப் பார்த்துப் பிடித்துவிடும். லட்ஸுக்கு விலை ஏன் அதிகம் என்று இப்போது புரிந்திருக்கும்.

ஆமாம், விலைதான். அந்த சீசன் மார்க் பட்டியலில் மூன்று சுற்று லட்ஸ் 5.90, நாலு சுற்று லட்ஸ் 11.50. ஒரே ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட இரட்டை. காற்றில் இருக்கப்போவது முக்கால் விநாடிகூடக் கிடையாது. கால் சுற்றுக்கு மேல் குறைந்து இறங்கினால் விலையில் 20 சதவீதம் வெட்டு. அரைச் சுற்று குறைந்தால் மூன்று சுற்றின் விலைதான். ஒல்லியான 13 வயது உடம்பு பம்பரம் மாதிரி சுற்றும். இடுப்பும் தோளும் அகலமாக அகலமாக, அதே உந்தலுக்குச் சுற்று குறையும். ட்ருசோவா சோஃபியாவில் ஜூனியர் உலகப் பட்டம் வென்றது 13 வயதில், 2018 மார்ச்சில். பல்லைக் குத்தி எழும்பும் இன்னொரு வகையான டோ லூப்பை நாலு சுற்றில் போட்ட முதல் பெண் அன்றைக்கு அவர்தான். அதே வருடம் அக்டோபரில் எரவானில் நாலு சுற்று லட்ஸ், 2019 டிசம்பரில் டுரினில் ஃப்ளிப்.

சதிக்கு வருவோம். சதி நடந்த ஆட்டம்தான் இது. 2002 சால்ட் லேக் ஒலிம்பிக்கில் ஜோடிப் பிரிவில் நடுவர் பேரம் அம்பலமாகி, இரண்டு ஜோடிக்குத் தங்கம் கொடுத்துச் சமாளித்தார்கள். பழைய 6.0 மார்க் முறையைக் கழித்துக்கட்டி இந்த விலைப்பட்டியல் வந்தது அதற்குப் பிறகுதான். இதிலும் ஓட்டை உண்டு. ஆனால் தாள் கைக்கு வரும், கூட்டிப் பார்க்கலாம். நம்மவர்களுக்குக் கூட்டிப் பார்ப்பதைவிடச் சந்தேகப்படுவது சுலபம்.

நான் கூட்டிப் பார்த்தேன். போட்டி இரண்டு பகுதி: முதலில் சின்னதான ஷார்ட் புரோகிராம், பிறகு நீளமான ஃப்ரீ ஸ்கேட். இரண்டையும் கூட்டினால் மொத்தம். பெண்களுக்கு ஷார்ட் புரோகிராமில் அன்றைக்கு நாலு சுற்றுக்கு அனுமதி கிடையாது. ட்ருசோவாவின் கஜானாவுக்கே பூட்டு! 2021 ஸ்டாக்ஹோம் உலகப் போட்டியிலும் இதே கதை: ஷார்ட்டில் 12-ஆவது இடம், ஃப்ரீ ஸ்கேட்டில் முதலிடம், கையில் வெண்கலம். பெய்ஜிங் ஷார்ட்டில், முன்னோக்கி எழும்பும் தாவலான ஆக்சலை மூன்று சுற்றில் முயன்று விழுந்தார். 74.60. ஷெர்பகோவாவுக்கு 80.20. அங்கே 5.60 பின்தங்கல். ஃப்ரீயில் 177.13-க்கு 175.75, அங்கே 1.38 மீட்பு. ஆக 4.22-இல் தங்கம் போனது.

'அந்த ஆக்சலைத் தொடாமல் இருந்திருக்கலாம்' என்பார்கள். அதையும் பாருங்கள். மூன்று சுற்று ஆக்சல் விலை 8. முழுதாகச் சுற்றி விழுந்தாலும் நடுவர்கள் அதில் பாதியைப் பிடுங்குவார்கள், விழுந்ததற்குத் தனியாக 1 போகும். மிச்சம் 3. பத்திரமாக இரண்டு சுற்று ஆக்சல் போட்டிருந்தால் 3.30, நேர்த்திக்கும் சேர்த்து நாலேகால் தேறும். லாபம் ஒன்றேகால்தான். அப்போதும் வெள்ளிதான். நின்றிருந்தாலோ ஒன்பதரைக்கு மேல், தங்கம் அவர் கழுத்தில். அதாவது விழுந்த இடத்தில் அவர் செய்தது சரியான சூதாட்டம்.

தங்கம் போனது வேறு பத்தியில். ஃப்ரீயில் தாவல், சுழல் வகையறாவில் ட்ருசோவா 106.16, ஷெர்பகோவா 100.49. ஆட்டத்தின் நயத்துக்கு ட்ருசோவா 70.97, ஷெர்பகோவா 75.26. கழித்தால் 4.29! மொத்தத் தோல்வி 4.22. அன்றைக்கு நயத்துக்கு ஐந்து தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க், கூட்டி வருவதை 1.6-ஆல் பெருக்கினார்கள். தலைப்புக்குச் சுமார் அரை மார்க் பின்னால் இருந்தார், அவ்வளவே. நாலு சுற்றுக்கு வேகம் பிடிக்க நேர்க்கோட்டில் ஓட்டம் ஓடவேண்டும். ஐந்துக்கு ஐந்து ஓட்டம். ஓடும் நேரத்தில் கை, கழுத்து, காலடி நுணுக்கம் எதற்கும் இடமில்லை. ஷெர்பகோவா ஓட்டத்தையே ஆட்டத்துக்குள் ஒளித்துவைத்தார். என் கணக்கில் அந்த அரை மார்க் நியாயம்தான்.

அழுததும் நியாயம். ஃப்ரீயில் முதலிடம் வந்துவிட்டு இரண்டாம் படியில் நிற்பவர் அழாமல் வேறு யார் அழுவது?

அடுத்த மாதமே ரஷ்யர்களுக்குச் சர்வதேசப் போட்டிகளின் கதவு சாத்தப்பட்டது. ஜூனில், சீனியர் பிரிவுக்கான வயதை 15-இலிருந்து படிப்படியாக 17 ஆக உயர்த்தினார்கள். ஜூலை 1-க்கு முன் அந்த வயது முடிந்திருக்கவேண்டும். அந்த 17 வயது விதி முன்பே இருந்திருந்தால் 2019-இல் கனடாவின் கெலோனாவில் 15 வயதில் அவர் ஃப்ரீயில் எடுத்த 166.62 மார்க் கிடையாது. பெய்ஜிங்குக்கு மட்டும் தப்பித்திருப்பார்: கெடுவுக்கு எட்டு நாள் முன்னதாகப் பிறந்திருக்கிறார். எட்டு நாள் பிந்தியிருந்தால் ஐந்து தாவலும் இல்லை, வெள்ளியும் இல்லை, அழுகையும் இல்லை. ஜோதிடப் பக்கத்துக்கு இந்த ஒரு தகவலை மட்டும் நானே அனுப்பிவைக்கிறேன்.