பேசிக் தியரி கேள்வி பதில்: நீலப் பலகைகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தகவல் பலகைகள் பற்றித்தான். புதிதாக வருபவர்களுக்கு: பேசிக் தியரி என்பது சிங்கப்பூரில் ஓட்டுநர் உரிமம் எடுக்க எழுதும் சாலை விதித் தேர்வு. 50 கேள்விகள், 50 நிமிடம், 45 சரியாக இருந்தால் தேர்ச்சி. கேள்வி கேட்டவர்களை அவரவர் வட்டாரப் பெயரால் குறித்திருக்கிறேன்.

ஈசூன்: அண்ணா, எல்லாப் பலகைகளையும் மனப்பாடம் செய்யணுமா? தலை சுத்துது.

படத்தை விடுங்கள், முதலில் வடிவத்தைப் பாருங்கள். சிவப்பு வட்டம் தடை. நீல வட்டம் கட்டளை. சிவப்பு விளிம்புள்ள முக்கோணம் எச்சரிக்கை. செவ்வகம், சதுரம் என்றால் பெரும்பாலும் தகவல். ஸ்டாப் பலகையின் எண்கோணமும் வழிவிடச் சொல்லும் தலைகீழ் முக்கோணமும் தனிக்குடித்தனம்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். நீல வட்டத்துக்குள் மேல்நோக்கி வெள்ளை அம்பு இருந்தால் நேராக மட்டுமே போகவேண்டும். அதே அம்பு நீலச் செவ்வகத்துக்குள் இருந்தால் ஒருவழிச் சாலை. அம்பை மட்டும் பார்த்துவிட்டு விடையைத் தட்டினால் ஒரு மதிப்பெண் போச்சு.

தெம்பனிஸ்: தகவல் பலகைதானே? தடைப் பலகை மாதிரி அதற்கு எதற்கு இவ்வளவு முக்கியத்துவம்?

நல்ல கேள்வி. இங்கே சில தகவல் பலகைகள் அனுமதிச் சீட்டு மாதிரி. யூ டர்ன் பலகை இருக்கும் இடத்தில்தான் யூ டர்ன் அடிக்கலாம். இல்லையென்றால் கூடாது. சிவப்பு விளக்கில் இடப்பக்கம் திரும்புவதும் அப்படித்தான். அதற்கான பலகை உள்ள சந்திப்பில் மட்டுமே திரும்பலாம், அதுவும் நிறுத்தக் கோட்டில் முழுசாக நின்று, பாதசாரிகளுக்கும் வலப்பக்கமிருந்து வரும் வண்டிகளுக்கும் வழிவிட்ட பிறகு. மெதுவாக உருட்டிக்கொண்டே போவது நிற்பது ஆகாது.

ஜூரோங் வெஸ்ட்: சார், ஊரில் தடைப் பலகை இல்லாத இடத்தில் எல்லாரும் திரும்புவோமே. அதுதானே நியாயம்?

ஊரில் ஓட்டியதை ஊரோடு வையுங்கள். சிங்கப்பூரில் கணக்கு தலைகீழ்.

சிராங்கூன்: ஜூரோங் வெஸ்ட் நண்பர் சொல்வதில் தப்பில்லை. ராத்திரி சாலை காலியாக இருந்தால் நானும் திரும்புவேன். ஒன்றும் ஆனதில்லை.

ஒன்றும் ஆகாமல் போனது உங்கள் யோகம். விதி காலிச் சாலைக்கும் அதேதான். இதைப் படிக்கும் பிள்ளைகள் தயவுசெய்து இவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

தெம்பனிஸ் மறுபடியும்: அப்படியானால் யூ டர்ன் கூடாது என்று சிவப்பு வட்டப் பலகை எதற்கு வைத்திருக்கிறார்கள்? அது இருப்பதால்தானே குழப்பம்?

அப்படிக் கேளுங்கள்! ஆசைப்பட்டுத் திரும்பிவிடக்கூடிய இடங்களில் அது கூடுதல் நினைவூட்டல் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். தடைப் பலகை இல்லை என்பது அனுமதி ஆகிவிடாது. அனுமதி வேண்டுமென்றால் அனுமதிப் பலகையே கண்ணில் படவேண்டும். தேர்விலும் இப்படித்தான் மடக்குவார்கள்: படத்தில் ஒரு சந்திப்பு, எந்தப் பலகையும் இல்லை, எதிரே வண்டியும் இல்லை. 'எதிரே வண்டி இல்லாதபோது யூ டர்ன் அடிக்கலாம்' என்ற விடை பார்க்க அழகாக இருக்கும். தொடாதீர்கள்.

சிராங்கூன்: நடுக்கோடு விட்டுவிட்டு வரும் வெள்ளைக் கோடாக இருந்தாலுமா?

இருந்தாலும்தான். அண்ணே, விடுங்கள். மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

பிடோக்: முட்டுச்சந்துப் பலகை எப்படி இருக்கும்?

நீலப் பின்னணியில் வெள்ளைத் தண்டு, அதன் தலையில் குறுக்கே சிவப்புப் பட்டை. உள்ளே போகலாம், அந்தப் பக்கம் வெளியே போக வழி கிடையாது. நுழையத் தடை என்பது வேறு, அது சிவப்பு வட்டம். மறுபடியும் வடிவம்!

பொங்கோல்: விரைவுச்சாலையில் வெளிவழி எண்கள் ஏன் இடையிடையே விட்டுப்போகின்றன?

அவை வரிசை எண்கள் அல்ல, ஏறக்குறைய கிலோமீட்டரை ஒட்டி வருபவை. ஒரே எண்ணில் இரண்டு மூன்று வெளிவழிகள் இருந்தால் ஏ, பி என்று எழுத்து சேரும். பச்சைப் பலகையில் எண்ணைப் பார்த்த உடனேயே தடம் மாறத் தயாராகுங்கள். கடைசி நேரத்தில் மூன்று தடங்களை வெட்டிக்கொண்டு போகிறவர்களைத் தீவு விரைவுச்சாலையில் தினமும் பார்க்கலாம்.

செங்காங்: பழுப்புப் பலகை?

சுற்றுலாத் தலங்களுக்கு.

உட்லண்ட்ஸ்: எத்தனை எடுத்தால் பாஸ்?

மேலே இருக்கிறது.

சுவா சூ காங்: வாட்ஸப்பில் கேள்வித்தாள் ஒன்று சுற்றுகிறது. அதைப் படித்தால் போதுமா?

போதாது. யார் தயாரித்தது, எந்த வருடத்தது என்று தெரியாத விடைகளை நம்பி உட்காராதீர்கள். பேசிக் தியரி புத்தகத்தை வாங்கிப் படியுங்கள்.

அங் மோ கியோ: அந்த வாட்ஸப் தாளை இங்கே போட முடியுமா?

முடியாது.

புக்கிட் பாத்தோக்: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்பார்க்கில் சிவப்புக் கட்டத்தில் விருந்தினர் நிறுத்தலாமா?

இது பலகைக் கேள்வி இல்லை. சிவப்புக் கட்டம் மாதக் கட்டணம் கட்டுகிறவர்களுக்கு. நேரங்களை அந்தக் கார்பார்க் அறிவிப்பில் பாருங்கள்.

கிளமெண்டி: இந்திய லைசென்ஸ் கையில் இருக்கிறது. எனக்கும் பேசிக் தியரி உண்டா?

மாற்ற வேண்டுமென்றால் உண்டு. சிங்கப்பூரில் தங்க உங்களிடம் உள்ள பாஸ் வகைக்கு என்ன விதி என்பதைப் போக்குவரத்துக் காவல்துறையின் தளத்தில் பாருங்கள், அது என் துறை அல்ல. படிக்க உட்காரும்போது யூ டர்ன் பக்கத்தை இரண்டு தடவை படியுங்கள். ஊரில் ஓட்டிப் பழகிய கைக்குத்தான் அது சிரமம்.